வாஷிங் மெஷின் படித்த தங்கை அண்ணனுக்கு எழுதியது

மதிப்பும் பாசமும் மிகுந்த அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் ஒரே தங்கை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே இவருடைய இடுப்பைத் தவிர மற்ற யாவும் சுகம். அங்கே தாங்களும் அண்ணியும் நலமென்றும், தங்களுடைய ரத்தக் கொதிப்பு என்னால் ஏறியது போக மீதி இறங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன்.

தங்களுக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்காவது முறை அண்ணி எடுத்து, "அவர் வீட்ல இல்லேன்னு சொல்லச் சொல்றார், பக்கத்துலதான் உக்காந்திருக்கார்" என்று சொன்னார்கள். அண்ணிக்குப் பொய் சொல்ல வராது என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆகவே கடிதம். கடிதத்தை எடுக்க மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது, அது பாட்டுக்கு வந்து வாசலில் விழுந்துவிடும்.

முதலில் மன்னிப்பு. தாங்கள் தங்கள் நண்பரிடம் சொல்லி, அவர் தம் மனைவியிடம் சொல்லி, அந்த அம்மா நடத்துகிற பெண்கள் ஹாஸ்டலில் எனக்கு வார்டன் வேலைக்கு ஏற்பாடு செய்து, வியாழக்கிழமை காலை என்னைப் பார்க்கவென்றே அந்த அம்மா வெளி வேலையெல்லாம் தள்ளிவைத்து உட்கார்ந்திருக்க, நான் போகவில்லை. "உங்க தங்கச்சிக்கு வேலை வேணுமா, இல்ல வேலை தேடறதுதான் வேலையா"ன்னு அந்த அம்மா கேட்டதாகவும், அதைக் கேட்டு உங்களுக்குத் தலை நிமிர முடியவில்லை என்றும் அண்ணி சொன்னார்கள். தப்புதான். ஆனால் ஏன் போகவில்லை என்பதை ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள், அண்ணா. அரைகுறையாகத் தெரிந்து திட்டினால் திட்டும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

தியேட்டரை மூடின கதை உங்களுக்குத் தெரியும். டிக்கெட் கவுண்டரில் நான், மேலே புரொஜெக்டர் அறையில் இவர். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் கணக்கு முடித்து, ஆளுக்கொரு கைகுலுக்கல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் நான் உலகத்தைப் பார்த்தது ஒரு சின்ன ஓட்டை வழியாக. அதில் மனுஷ முகம் வராது, கை மட்டும்தான் வரும். இவர் பார்த்ததும் ஒரு சின்ன ஓட்டை வழியாகத்தான், அதில் வெளிச்சம் மட்டும் போகும். இப்படி ரெண்டு ஓட்டைக்காரர்கள் வெளியே வந்து வேலை கேட்டால் யார் கொடுப்பார்கள்? அப்போதுதான் இவர் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தார். வாஷிங் மெஷின் ரிப்பேர் கற்றுக்கொடுக்கிற பயிற்சி நிலையம், வேலை போனவர்களுக்கென்றே நடத்துவது, படித்து முடித்தால் சர்வீஸ் சென்டர்களில் கூப்பிடுவார்கள். "மெஷின் எனக்குப் புதுசா என்ன, புரொஜெக்டரை மேய்ச்சவன் நான்" என்று சொல்லிவிட்டுச் சேர்ந்தார். நீங்களும் மாப்பிள்ளை பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டீர்கள்.

அந்தப் பொறுப்பு ஒரு நாள் இருந்தது. முன்பக்கம் கதவு வைத்த மெஷின் இருக்கிறதே, அது சுற்றும்போது ஆடாமல் இருக்க உள்ளே ஒரு கான்கிரீட் கல்லை வைத்திருப்பார்களாம். நமக்கென்ன தெரியும், துணி துவைக்கிற பெட்டிக்குள் கட்டடம் கட்டியிருப்பான் என்று. மாஸ்டர் அதைக் கழற்றிக் காட்டி, யாராவது ரெண்டு பேர் இதை மேஜையில் வையுங்கள் என்றிருக்கிறார். இவர், ரெண்டு பேர் எதுக்கு என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு இவருடைய இடுப்பே பதில் சொல்லிவிட்டது. கூடப் படிக்கிற பையன்கள் நாலு பேர் இவரை ஒரு கதவுப் பலகையில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் மாடிப்படியில் நின்று பார்த்தவளுக்கு உயிரே போய்விட்டது. இவர் பலகையில் படுத்தபடியே, "ஒண்ணுமில்ல, கல்லுதான்" என்றார்.

டாக்டர் இனி கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பயிற்சி நிலையத்தில் கேட்டால், கட்டின பீஸ் திரும்பாது, வேண்டுமானால் அதே குடும்பத்தில் வேறு ஒருவர் வந்து படிக்கலாம் என்றார்கள். குடும்பம் என்று பார்த்தால் இவரும் நானும், சமையல் அறையில் ஒரு பல்லியும். நான் போனேன். இதை உங்களிடம் சொன்னபோது, "ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற கையா அது, நம்ம குடும்பத்துப் பொண்ணு ஊரான் வீட்டு அழுக்குத் துணி மெஷினை நோண்டறதா" என்று கேட்டு, அன்றைக்கே ஹாஸ்டல் வேலையைத் தேட ஆரம்பித்தீர்கள். உங்கள் பாசம் எனக்குப் புரிகிறது, அண்ணா. ஆனால் ஊரான் காசைத்தானே இத்தனை வருஷம் ஓட்டை வழியாக வாங்கிப் போட்டேன், அது மட்டும் சுத்தமாகவா இருந்தது.

வகுப்பில் எல்லாரும் மீசை முளைத்தும் முளைக்காததுமாக இருக்கிற பையன்கள். மாஸ்டரே என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் என்னை அம்மா என்பார், நான் அவரை சார் என்பேன், பையன்கள் அக்கா என்பார்கள், ஆக நாங்களே ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிட்டோம். முதல் வாரம் எனக்கு ஸ்பேனருக்கும் கட்டிங் பிளேயருக்கும் வித்தியாசம் தெரியாது. "பத்தாம் நம்பரை எடுங்கம்மா" என்றால், பழக்க தோஷத்தில் எந்த வரிசை என்று கேட்டேன். பையன்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அப்புறம் மல்டிமீட்டர் என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ரெண்டு முள்ளை ரெண்டு பக்கம் வைத்தால், உள்ளே கம்பி அறுந்து போகாமல் இருந்தால் 'கீ' என்று கத்தும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து கரண்டியில் வைத்தேன், கத்தியது. சாவியில் வைத்தேன், கத்தியது. தூங்கிக்கொண்டிருந்த இவருடைய பெல்ட் பக்கிளில் வைத்தேன், அதுவும் கத்தியது, இவரும் கத்தினார்.

படிக்கிறதை வீட்டில் செய்து பார்க்கணும் என்று மாஸ்டர் சொன்னதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு மெஷினைப் பிரித்தேன். இவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, அதைக் கழட்டு, இதைக் கழட்டு என்று கண்ணால் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். பிரிப்பது ஒரு கஷ்டமும் இல்லை, அண்ணா. உலகத்தில் எதையும் பிரிக்கிறது சுலபம். திரும்பச் சேர்த்ததும் ஒரு கம்பி மட்டும் தரையில் மிச்சமிருந்தது. இதென்ன என்று காட்டினேன். "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா கொடுத்திருப்பான்" என்றார். அது எக்ஸ்ட்ரா இல்லை. துணி சுற்றுகிற தொட்டி நாலு கம்பியில் தொங்கும், அதில் ஒன்று அது. தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டு, தண்ணீர் சரியாக வெளியே போகிறதா என்று பார்க்க பாத்ரூமுக்குள் போனேன். பிழிகிற நேரம் வந்ததும் மெஷினுக்குக் கால் முளைத்தது. டமடமவென்று நடந்து வந்து, பாத்ரூம் கதவை அடைத்துக்கொண்டு நின்று குதித்தது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. நான் உள்ளே, மெஷின் வெளியே, இவர் கட்டிலில். "தள்ளு, தள்ளு" என்கிறார். நான் தள்ளினால் அது திருப்பித் தள்ளுகிறது. கடைசியில் ஒயர் போதாமல் பிளக் தானாகப் பிடுங்கிக்கொண்டு நின்றது. கீழ்வீட்டுத் தையல்காரர், கூரை இடிந்து விழுகிறது என்று நினைத்து மேலே ஓடிவந்து, அவர்தான் மெஷினை நகர்த்தி என்னை விடுதலை பண்ணினார். பண்ணிவிட்டு, "ஏம்மா, நீங்க இதைப் படிக்கிறீங்களா, இல்ல இது உங்களைப் படிக்குதா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனா ஒண்ணு, அண்ணா. அதுக்கப்புறம் அந்தக் கம்பியை நான் எந்த மெஷினிலும் மறந்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமா கை படிய ஆரம்பிச்சுது. மெஷினுக்கு அடியில பம்ப் இருக்கும், அதுக்குப் போற குழாயை ஒரு கிளிப் பிடிச்சிருக்கும், அந்த இடுக்குல பையன்களோட கை மணிக்கட்டு வரைக்கும்தான் போகும். அவனுங்க மெஷினைக் குப்புறக் கவுத்துத்தான் கிளிப்பை எடுக்கணும். என் கை முழங்கை வரைக்கும் நுழைஞ்சுரும். கவுண்டர் ஓட்டையில கைவிட்டுக் கைவிட்டு எடுத்த கைதானே. கடைசிப் பரீட்சையில மாஸ்டர் ஒரு மெஷின்ல வேணும்னே ஒரு கோளாறை வச்சு நிறுத்தியிருந்தார். மத்தவங்க மல்டிமீட்டரை எடுக்கிறதுக்குள்ள நான் சத்தத்தைக் கேட்டே பெல்ட்டுன்னு சொல்லிட்டேன். மாஸ்டர் என் பேரைத் தாள்ல முதல்ல எழுதினார். வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சொன்னேன். "நான் சேர்த்துவிட்ட கோர்ஸ்" அப்படின்னார்.

இப்ப அந்த வியாழக்கிழமைக்கு வர்றேன். ஹாஸ்டலுக்குப் போக நல்ல உடுப்பா எடுத்து உடுத்தி, செருப்பில் கால் நுழைக்கிற நேரத்துல போன் வந்துச்சு. ஒரு சர்வீஸ் சென்டர், மாஸ்டர் என் பேரைக் கொடுத்திருக்கார், இப்பவே வந்தா பார்க்கலாம், மத்தியானம் மேனேஜர் வெளியூர் போயிடுவார்னாங்க. ஒரு நிமிஷம் வாசல்லயே நின்னேன். ஹாஸ்டல் இடது பக்கம், சென்டர் வலது பக்கம். செருப்பை மாட்டின கால் வலது பக்கம் திரும்பிடுச்சு. அந்த அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கணும். பஸ்ல ஏறினதும் பண்ணலாம்னு நினைச்சேன், ஏறினதும் பயத்துல எல்லாம் மறந்துபோச்சு. இதுதான் நடந்தது.

சென்டர்ல மேனேஜர் என்னைப் பார்த்தார். அப்புறம் என் பின்னாடி எட்டிப் பார்த்தார். "மெக்கானிக் வரலையா?" அப்படின்னார். நான்தான் சார் மெக்கானிக்னேன். என் பையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "பாருங்கம்மா, வீடு வீடா போகணும், மெஷினைத் தூக்கணும், கவுக்கணும், உங்களால ஆகாது. ஆனா போன் எடுக்கிற பொண்ணு போன வாரம் நின்னுட்டா. அதைப் பாக்கிறீங்களா?"ன்னு கேட்டார். அண்ணா, மாசக் கணக்கா கிரீஸ்ல கைவச்சுப் படிச்சுட்டு, மறுபடி ஒரு மேஜைக்குப் பின்னாடி உக்காந்து "வணக்கம், சொல்லுங்க"ன்னு சொல்லணுமான்னு வயிறு எரிஞ்சுது. ஆனா வாடகை எரிச்சலை எல்லாம் பாத்துட்டு இருக்காது. சரின்னேன். டூல்ஸ் பையை மேஜைக்கு அடியில காலுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டேன், தினமும் எடுத்துட்டுப் போவேன், தினமும் எடுத்துட்டு வருவேன், நாய்க்குட்டி மாதிரி.

போன வாரம் ஒரு வீட்டிலிருந்து ஒரு பொண்ணு திரும்பத் திரும்பப் போன் பண்ணுச்சு. மெஷின்ல தண்ணி வெளியே போகலை, கடகடன்னு சத்தம், வீட்ல கைக்குழந்தை, துணி மலை மாதிரி குவியுது. நம்ம ஆளுங்க ரெண்டு தடவை போனாங்க. ரெண்டு தடவையும் அந்தப் பொண்ணோட மாமனார் கதவுகிட்டயே நின்னு, வாயில துண்டை வச்சுக்கிட்டு, வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டித் திருப்பி அனுப்பிட்டாராம். மூணாவது தடவை போக யாரும் தயாரா இல்லை. மேனேஜர் என்கிட்ட வந்து, "நீங்கதான் நல்லாப் பேசறீங்களே, போய் அந்தப் பெரியவரைப் பேசிச் சமாளிங்க. அவர் சம்மதிச்சா ஆளை அனுப்பறேன். நீங்க மெஷினைத் தொடக் கூடாது" அப்படின்னார். தொடலை சார்னு சொல்லிட்டு, மேஜைக்கு அடியில இருந்து பையை எடுத்துக்கிட்டேன். பேசறதுக்குப் பை எதுக்குன்னு அவர் கேட்கலை, நானும் சொல்லலை.

பெரிய அடுக்குமாடிக் கட்டடம், ஒவ்வொரு பால்கனியிலயும் துணி. நாலாவது மாடியில கதவைத் தட்டினேன். சொன்ன மாதிரியே ஒரு பெரியவர், நல்ல உயரம், மூக்குக்குக் கீழே துண்டு. கையை ஆட்டினார். "ஐயா, நான் மெக்கானிக் இல்லைங்க, போன் எடுக்கிற பொண்ணு"ன்னேன். அது மேனேஜர் வாயாலயே சொன்ன உண்மை. அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு வழி விட்டார். உள்ளே போனா அந்தப் பொண்ணு தோள்ல குழந்தை, கண்ணுக்குக் கீழே கருவளையம். என்னைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போய் மெஷினைக் காட்டிட்டு, குரலைத் தாழ்த்தி வேற கதையை ஆரம்பிச்சுது. "அக்கா, மாமா என்கிட்ட பேசி ரெண்டு வாரம் ஆகுது. முன்னாடி என்னைக் கண்டா கிண்டல் பண்ணிட்டே இருப்பார். இப்ப முகம் குடுக்கிறதில்லை. நான் ஆக்கிறதைத் தொடறதில்லை. அவர் ரூம்ல உக்காந்து ரொட்டியைப் பால்ல நனைச்சுத் தின்னுக்கறார். என்ன தப்புப் பண்ணினேன்னே தெரியலை. இவர்கிட்ட கேட்டா, அப்பா அப்படித்தான்னு சொல்றார். குழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடலாமான்னு இருக்கு." அதுக்குள்ள குழந்தை அழுதுச்சு, அது உள்ளே போயிடுச்சு.

நான் தனியா நின்னேன். மெஷினும் நானும். தொடக் கூடாதுன்னார் மேனேஜர். தண்ணி வெளியே போகாம கடகடன்னா, நூத்துக்கு எண்பது பம்ப்ல ஏதோ சிக்கியிருக்கு, ஒரு மூடியைத் திருகினா ஆச்சு. தொடாம எப்படி, அண்ணா? பசிக்கிறவன் முன்னாடி சோத்தை வச்சுட்டு, வாசனை மட்டும் பிடின்னு சொன்ன மாதிரி. பையைத் திறந்தேன். மூடியைத் திருகறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிற சின்ன ரப்பர் குழாய் வழியாத் தண்ணியை வடிக்கணும், அதை மாஸ்டர் நூறு தடவை சொல்லியிருக்கார். அவசரத்துல நான் நேரா மூடிக்குப் போயிட்டேன். மூடி கையோட வந்துச்சு, பின்னாடியே மெஷின் வயித்துல இருந்த அத்தனை தண்ணியும் வந்துச்சு. முழங்கால் நனைஞ்சுது, பை நனைஞ்சுது. சரி, வந்தது வந்துச்சுன்னு கையை உள்ளே விட்டேன். ஒரு ஹேர்பின், ஒரு காசு, அப்புறம் வழவழன்னு ஏதோ. எடுத்துப் பார்த்தா மூணு பல்லு. ரோஸ் கலர்ல ஈறு, கம்பி கொக்கி, முன்பல்லு மூணு, என்னைப் பார்த்துச் சிரிக்குது. கவுண்டர் ஓட்டைக்குள்ள செல்லாத காசு, கல்யாண மோதிரம், ஒரு தடவை உயிரோட கோழிக்குஞ்சு கூட வந்திருக்கு. பல்லு வந்தது இதுதான் முதல் தடவை.

நிமிர்ந்தா பெரியவர் நிக்கிறார். என் கையையே பார்க்கிறார். மெதுவா துண்டை எடுத்தார். முன்னாடி ஜன்னல் திறந்த மாதிரி இருந்துச்சு. "பொண்ணே, ஷொல்லிடாதே" அப்படின்னார்.

அப்புறம் மெதுவா நடந்ததைச் சொன்னார். பல்லு செட்டு உறுத்துதுன்னு கழட்டி, கைக்குட்டையில சுத்திச் சட்டைப் பையில வச்சிருக்கார். சட்டை துணியோட போயிடுச்சு. மகன் ஆசைஆசையா கூட்டிட்டுப் போய்க் கட்டிக் கொடுத்த பல்லு. தொலைச்சுட்டேன்னு சொல்லக் கூச்சம். மெஷின்ல கடகடன்னு கேட்டதும் எங்கே இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு, ஆனா மெக்கானிக் எல்லார் முன்னாடியும் எடுத்து, இது யாருதுன்னு கேட்டா என்ன பண்றது? "மருமக முன்னாடி எப்படி நான் வாயைத் தொறக்கிறது? தொறந்தா அது ஷிரிக்கும்" அப்படின்னார்.

"ஐயா, அது சிரிக்கலைங்க. நீங்க கோவமா இருக்கீங்கன்னு நினைச்சு அழுதுட்டிருக்கு. அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லுது"ன்னேன்.

அவருக்கு அது தெரியவே தெரியாது, அண்ணா. அப்படியே சுவரைப் பிடிச்சுக்கிட்டார். "அது மேலயா? நான் கோவமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். நான் பல்லை அவர் கையில குடுத்தேன். அவர் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்க, நான் நிமிர்ந்து பார்க்கிறேன், தண்ணி கதவிடுக்கு வழியா ஹாலுக்குள்ள கிளம்பிடுச்சு. குழந்தை இருக்கிற ரூமை நோக்கிப் போகுது. நான் ஓடினேன். அவரும் பல்லைச் சட்டைப் பையில போடப் போனவர், சட்டுன்னு கையை இழுத்துக்கிட்டு, அதை ஜன்னல் மேல வச்சுட்டு, தோள்ல இருந்த துண்டை உருவித் தரையில போட்டார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், ரெண்டு பேரும் குந்தி உக்காந்து துடைச்சோம், பிழிஞ்சோம், துடைச்சோம். திருடன் ரெண்டு பேர் சேர்ந்து சுவத்து ஓட்டையை அடைக்கிற மாதிரி. அப்புறம் மூடியை மாட்டினேன், மரை கோணலாப் போய் மறுபடி ஒழுகுச்சு, மறுபடி துடைச்சோம், ரெண்டாவது தடவை நேரா உக்காந்துச்சு. அவர் பல்லைச் சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவி வாயில மாட்டிக்கிட்டார். சுவிட்சைப் போட்டேன். தண்ணி சரசரன்னு குழாய் வழியா வெளியே போச்சு. அந்தச் சத்தத்தை நீங்க கேட்டிருக்கணும்.

அந்தப் பொண்ணு வந்து தரையைப் பார்த்துட்டு என்னக்கா ஆச்சுன்னு கேட்டுச்சு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பெரியவர் சொன்னார், "ஒண்ணும் இல்லம்மா. சட்டைப் பட்டன் மாட்டியிருந்துச்சு. ராத்திரிக்கு எனக்கும் சேர்த்துத் தட்டு வை." ஒவ்வொரு எழுத்தும் மணி மணியா. அந்தப் பொண்ணு குழந்தையை ஒரு தோள்ல இருந்து இன்னொரு தோளுக்கு மாத்திக்கிட்டு அவரையே பார்த்துச்சு. "என்ன வேணும் மாமா?"ன்னு கேட்டுச்சு. "கடிக்கிற மாதிரி எது செஞ்சாலும் சரி"ன்னார். நான் பையை மூடிக்கிட்டுக் கிளம்பிட்டேன், அங்கே நின்னிருந்தா எனக்கும் கண்ணு கலங்கியிருக்கும். இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். எழுதறது சொல்றதுல சேராதுங்கிற தைரியத்துல உங்களுக்கு எழுதறேன். அண்ணிகிட்ட நீங்களும் சொல்லாதீங்க, படிக்கக் குடுத்துடுங்க.

இவ்வளவு நல்லது பண்ணிட்டு சென்டருக்குப் போனேன். நனைஞ்ச துணியைப் பார்த்ததுமே மேனேஜருக்குத் தெரிஞ்சுபோச்சு. "தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"ன்னார். அந்த ரெண்டு மெக்கானிக்கும் முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஏதாவது ஷாக் அடிச்சிருந்தா யார் பதில் சொல்றது, மெஷின் கெட்டிருந்தா யார் பதில் சொல்றதுன்னு கேட்டார். அதுல ஒரு வார்த்தை தப்பில்லை, அண்ணா. சரியாயிடுச்சே சார்னேன். "சரியானது அதிர்ஷ்டம். நாளையிலேருந்து அந்தப் பையை இங்கே கொண்டுவரக் கூடாது" அப்படின்னுட்டார். வீட்டுக்கு வந்து பையைக் கட்டிலுக்கு அடியில தள்ளினேன். இவருக்குத் தள்ளின சத்தத்துலயே புரிஞ்சிருக்கும். "உன் இஷ்டம்"னு மட்டும் சொல்லிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்.

ஆகவே அண்ணா, இன்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தாங்கள் சொன்னதுதான் சரி. எப்படியும் ஒரு மேஜைக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும் என்றால், அது ஹாஸ்டல் மேஜையாகவே இருக்கட்டும், அங்கே சாப்பாடாவது சேர்ந்து கிடைக்கும். அந்த அம்மாவுக்கு இன்னும் ஆள் அமையவில்லை என்று அண்ணி சொன்னார்கள். தயவுசெய்து அவர்களிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, வருகிற திங்கட்கிழமை தங்கை தவறாமல் வருவாள் என்று சொல்லுங்கள். இனி மெஷின், ஸ்பேனர் என்ற பேச்சே என் வாயில் வராது. தங்கள் மனத்தை நோகடித்ததற்கு இன்னொரு முறை மன்னிக்க வேண்டுகிறேன்.

தங்களுக்கும் அண்ணிக்கும் நீண்ட ஆயுளும், இறங்கின ரத்தக் கொதிப்பும், என் மேல் பழைய பாசமும் அமைய வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் சொல் தட்டாத தங்கை.

பின்குறிப்பு: அண்ணா, கடிதத்தை மடிச்சு உறைக்குள்ள வைக்கும்போது மேனேஜர்கிட்டேயிருந்து போன் வந்துச்சு. குரல் கட்டிப்போயிருக்கு. நான் லீவுல இருக்கிறதால காலையிலேருந்து அவரே போன் எடுத்திருக்கார். அந்தப் பொண்ணு மேல் வீட்டுல சொல்லி, மேல் வீடு எதிர் வீட்டுல சொல்லி, அந்தக் கட்டடத்துல பகல்ல தனியா இருக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும், ஆம்பளை மெக்கானிக் வேண்டாம், அந்த அக்காவை அனுப்புங்கன்னு போன் மேல போனாம். ஒருத்தங்க ஒண்ணரை வருஷமா ஓடாத மெஷின் மேல பூந்தொட்டி வச்சிருந்தாங்களாம், அதை இறக்கி வச்சுட்டுக் காத்திருக்காங்களாம். "அம்மா, நாளைக்குப் பையோட வந்துடுங்க. தூக்கறதுக்குக் கவுக்கறதுக்கு ஆள் கூட அனுப்பறேன். போன் எடுக்கத்தான் யாரும் இல்லை, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது உக்காந்த இடத்துல வேலை பார்க்கிற மாதிரி இருக்காங்களா?"ன்னு கேட்டார். நான் போனை இவர்கிட்ட குடுத்தேன். எழுந்து உக்காந்து, தொண்டையைச் செருமிக்கிட்டு, "வணக்கம், சொல்லுங்க" அப்படின்னார். இத்தனை வருஷத்துல அவ்வளவு அழகான குரலை இந்த மனுஷன் எங்கே ஒளிச்சு வச்சிருந்தார்னு தெரியலை. அவருக்கும் நாளைக்கே வேலை.

அதனால ஹாஸ்டல் அம்மாகிட்ட நான் வரலைன்னு சொல்லிடுங்க. ஒரு தடவை பட்டுப் பழகினதுதான், ரெண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமா இருக்காது. கேட்ட மன்னிப்புல முதல் மன்னிப்பை மட்டும் வச்சுக்குங்க, கடைசியா கேட்டதைத் திருப்பி எடுத்துக்கறேன். இந்தக் கடிதத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதலாம்னுதான் நினைச்சேன். எழுதி எழுதிக் கை வலிக்குது, நாளைக் காலையில அந்தக் கைக்கு வேலை இருக்கு. நீங்க பின்குறிப்பை மட்டும் படிச்சுக்குங்க.